பெரியப்பா உட்கார்ந்தால் வரும் சத்தம்

எங்கள் பெரியப்பா யார் வீட்டுக்குப் போனாலும் உடனே உட்கார மாட்டார். முதலில் நாற்காலியின் முதுகைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்துவார். பிறகு இருக்கையில் உள்ளங்கையை ஊன்றி இன்னோர் அழுத்து. பிளாஸ்டிக் நாற்காலியாக இருந்தால், "காலையிலேர்ந்து உக்காந்தே இருந்தேன், கொஞ்ச நேரம் நிக்கிறேனே" என்று சொல்லிச் சுவரோரமாக நின்றுவிடுவார். அவர் காலையிலிருந்து ஒரு நிமிஷம்கூட உட்கார்ந்திருக்க மாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய வேலை அப்படி.

பெரியப்பா என்றால் அம்மாவுடைய அக்காவின் கணவர். உயரமும் அதிகம், அகலமும் அதிகம். ஒரு வாசலில் அவர் நின்றால் உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். தன் உடம்பைப் பற்றி யாராவது கேலி பேசுவதற்கு முன்னால் தானே ஒன்றைச் சொல்லித் தானே முதலில் சிரித்துவிடுவது அவர் பழக்கம். அப்படிச் சிரித்துவிட்டால் மற்றவர்களுக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில் அவருக்கு வேலை. துணி ரூம் என்று சொல்வார்கள். வார்டுகளிலிருந்து இறங்கும் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், நோயாளிகளின் அங்கிகள், ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணிகள் எல்லாம் தள்ளுவண்டிகளில் அங்கேதான் வந்து சேரும். துவைத்து, உலர்த்தி, சூடான உருளைக்குள் விட்டு இஸ்திரி போட்டு, மடித்து, மறுபடி மேலே அனுப்ப வேண்டும். நான் ஒரு முறை அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்திருக்கிறேன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆவியும் சோப்பு வாசனையும் எப்போதும் இருக்கும். சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டு முழுக்க வெள்ளை மடிப்புகள். ஒரு மடிப்பு நன்றாக உலர்ந்திருக்கிறதா என்று பார்க்க அவர் அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வார். "கை மரத்துப்போச்சு, கன்னம் இன்னும் பொய் சொல்ல ஆரம்பிக்கல" என்பார். அங்கிகளை மடிக்கும்போது முதுகுப்பக்க நாடாக்களை உள்ளே சுருட்டி வைப்பார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொன்னதில்லை. அவசரத்தில் பிரிக்கிற நர்ஸுக்கு முடிச்சு விழாமல் இருக்கட்டும் என்றுதான்.

அங்கே அவருக்கு 'மூட்டை' என்று பட்டப்பெயர். அதையும் அவரே வந்து வீட்டில் சொல்லிச் சிரித்தார். ஆனால் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏற மாட்டார். ஒரு நாள் லிஃப்டில் கடைசியாக ஓடிவந்து ஏறியவர் யாரோ, எடை கூடிவிட்டதென்று மணி அடித்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தது பெரியப்பாவை. அவர் பேசாமல் இறங்கிப் படியேறிப் போனார். இதை அவர் சொல்லவில்லை. அதே லிஃப்டில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சொல்லி எங்களுக்குத் தெரியும்.

பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது அதற்குப் பிறகு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் நடை திரும்ப வேண்டுமென்றால் வாரம் ஒரு முறை பிசியோதெரபிக்குப் போக வேண்டும் என்றார்கள். அந்த மையமோ ஊரின் மறுகோடியில், ஆற்றுப் பாலத்துக்கு அப்பால். இரண்டு பஸ் மாற வேண்டும். இடுப்பில் கம்பி வைத்த மனுஷியை எந்தப் பஸ்ஸில் ஏற்றுவது?

என் அப்பா பெயிண்ட் கடையில் வண்ணம் கலப்பவர். வாடிக்கையாளர் ஒரு துண்டுத் துணியைக் காட்டி இதே நிறம் வேண்டும் என்றால் அதே நிறத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார். அவருக்கு வார விடுமுறை சனிக்கிழமை. அந்த ஒரு நாள்தான் அவர் எட்டு மணி வரை தூங்குவார், யாரும் எழுப்பக் கூடாது. பிசியோதெரபி விஷயம் தெரிந்தபோது அப்பா சொன்னது ஒரே வரி: "சனிக்கிழம நான் சும்மாதான இருக்கேன், சகலை. வண்டிய எடுத்துட்டு வரேன்."

அந்த வண்டி, ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டித் தேய்த்துவிட்டு விற்ற ஒரு சின்னக் கார். அப்பா அதை மிகவும் நேசித்தார். கடையில் மிஞ்சிய பெயிண்டை வைத்து அதன் கீறல்களை அவரே மூடியிருந்தார். எது கீறல், எது பெயிண்ட் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

சனிக்கிழமைகளில் பெரியம்மா முன்சீட்டில், காலை நீட்டிக்கொள்ள வசதியாகச் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி உட்காருவார். அவருக்கு நேர் பின்னால் இடதுபக்கம் பெரியப்பா. இடம் போதாமல் முழங்காலை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு இருப்பார். அந்தப் பக்கம் உட்காரச் சொல்லி யார் கேட்டாலும் நகர மாட்டார். வண்டி நின்றதும் நடைபாதைப் பக்கமாக இறங்கி முதல் ஆளாகப் பெரியம்மாவின் கதவைத் திறக்க வேண்டும், அதற்குத்தான். வலதுபக்கம் சில வாரங்களில் நான் இருப்பேன்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, பாலத்தைத் தாண்டி ரவுண்டானாவில் வண்டி வளையும்போது அந்தச் சத்தம் முதல்முறை கேட்டது. பின்னாலிருந்து, தரைக்குப் பக்கத்திலிருந்து, ஏதோ அரைபடுகிற மாதிரி. நேர்ச்சாலைக்கு வந்ததும் தணிந்து, திரும்பவும் வலதுபக்கம் வளையும்போது எழுந்தது.

"என்ன சத்தம் அது?" என்றார் பெரியம்மா.

"மணல வாயில போட்டு மெல்லுற மாதிரி இருக்கு" என்றார் அப்பா.

"யாரோ தொண்டையச் செருமுற மாதிரி இருக்கு" என்றார் பெரியம்மா.

பெரியப்பா கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, உடம்பை என் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினார். நகர்த்தியதும் சத்தம் ஒரு துளி குறைந்தது. அவர் அதைக் கவனித்துவிட்டார். அவர் கவனித்ததை நானும் கவனித்தேன், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போகும்போது அப்பா தனியாக ஓட்டிப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. ரவுண்டானாவையே இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார், இல்லை. அடுத்த சனிக்கிழமை பெரியப்பா ஏறினார், சத்தமும் கூடவே ஏறிக்கொண்டது. அப்பா வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். மெக்கானிக் ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். அவர் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணும் கேக்கலயே சார்" என்றார். அப்பா வற்புறுத்தியதால் இடது பின்சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் டிரம்முக்குள் ஒரு பொடிக் கல் கிடந்தது. அதை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, "இவன்தான்" என்றார். சக்கரத்தை மாட்டி, தூக்கி நிறுத்தியபடியே கையால் சுழற்றிக் காட்டினார். சத்தமில்லாமல் சுற்றியது. அப்பாவுக்கு நிம்மதி. அந்தக் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்களுக்கெல்லாம் காட்டினார்.

அடுத்த சனிக்கிழமை பெரியப்பா காரில் வரவில்லை.

"டியூட்டிய மாத்திட்டாங்க, சகலை. நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா அங்க வந்துடறேன். நீங்க அவளக் கூட்டிட்டு வந்துடுங்க" என்று போனில் சொன்னார். அப்பா போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா மையத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த வாரம் மட்டுமல்ல, அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் எல்லாம் அப்படித்தான். திரும்பும்போதும் ஏதாவது ஒரு காரணம் இருக்கும். ஒரு நண்பரைப் பார்க்க வேண்டும், செருப்பு தைக்கக் கொடுத்ததை வாங்க வேண்டும். பெரியம்மாவைக் காரில் ஏற்றி, அவர் கால் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, கதவைச் சாத்திவிட்டுக் கையசைப்பார். கார் தெருமுனை தாண்டியதும் பஸ் நிறுத்தத்துக்கு நடப்பார். இரண்டு பஸ், நடுவில் பாலத்தடியில் ஒரு காத்திருப்பு.

சத்தம் போயேபோய்விட்டது. அப்பா வீட்டில் எல்லோரிடமும், "ஒரு கல்லு, ஒரு பொடிக் கல்லு, என்ன பாடு படுத்திச்சு பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று பிறகு ஒரு நாள் பெரியப்பாவிடம் நான் கேட்டேன்.

"உங்கப்பா சனிக்கிழம தூக்கத்த விட்டுட்டு வராரு. ஒரு வாரம்கூட முகம் சுளிச்சதில்ல. உள்ள அவ பயிற்சி பண்ணிட்டு இருக்கும்போது அந்தப் பெஞ்சில உக்காந்தே தூங்கிடுவாரு, பாவம். அவ்வளவு செய்யற மனுஷனோட வண்டிய நான் உக்காந்து உக்காந்து ஒடச்சிட்டேன்னா, அப்புறம் நான் என்ன மூஞ்சிய வெச்சிக்கிட்டு அவரப் பாக்கறது?"

அவருக்கு அதில் துளிச் சந்தேகமும் இருந்திருக்கவில்லை. தான் உட்கார்ந்தால் சத்தம் வருகிறது, இறங்கினால் நின்றுவிடுகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வாழ்க்கை முழுக்க லிஃப்டும் நாற்காலியும் சொன்னதைத்தான் இப்போது காரும் சொல்லியது.

இதற்கிடையில் துணி ரூமில் வேறொரு தலைவலி. அங்கே இருக்கிற மெஷின்களிலேயே பெரியது, ஆள் நுழையக்கூடிய அளவு டிரம் உள்ளது, உறும ஆரம்பித்தது. மேலதிகாரி இறங்கி வந்து பார்த்தார். "அளவுக்கு மீறித் துணி திணிக்கிறீங்க, அதான்" என்றார். பெரியப்பா வழக்கம்போல, "மூட்டை வேல செய்யற எடத்துல மூட்டை அதிகமாத்தான் இருக்கும்" என்று சொல்லிச் சிரித்து வைத்தார். அளவைப் பாதியாகக் குறைத்தார்கள். உறுமல் நின்றது. எல்லோருக்கும் திருப்தி. ஆனால் பாதிப் பாதியாகத் துவைத்தால் வேலை ஆகுமா? அழுக்குத் தள்ளுவண்டிகள் வராந்தா வரை வரிசை கட்டி நின்றன. மேலே வார்டில், விரிப்பு வரவில்லை என்று நர்ஸுகள் போன் மேல் போன். கடைசியில் ஃபிட்டரை வரச்சொன்னார்கள்.

ஃபிட்டர் கொஞ்சம் சிடுசிடுப்பான ஆள். பெரியப்பா மெஷினைக் காலியாக ஓட்டிக் காட்டி, "இப்படி ஓடினா ஒண்ணும் இல்ல பாருங்க" என்றார்.

"காலியா ஓட்டினா எதுதான் கத்தும்? நனஞ்ச துணியப் போடுங்கண்ணே. ரொம்பப் போடுங்க."

போட்டார்கள். டிரம் கனத்துடன் சுழலத் தொடங்கியதும் உறுமல் வந்தது. ஃபிட்டர் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அதன் நுனியை மெஷினின் பின்பக்கத்தில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். சற்று இடம் மாற்றினார். மறுபடி இடம் மாற்றினார். "இங்கதான்" என்று பெரியப்பாவைக் கூப்பிட்டு, "நீங்களும் கேளுங்க" என்றார்.

பெரியப்பா குனிந்து காதை வைத்தார். மணலை மெல்லுகிற சத்தம். பாலத்துக்கு அப்பால் ரவுண்டானாவில் கேட்ட அதே சத்தம்.

"துணி அதிகமாப் போட்டதாலதான்..." என்று அவர் தொடங்கினார்.

"துணி மேல என்ன தப்பு?" என்றார் ஃபிட்டர், கருவிப் பையைத் துழாவிக்கொண்டே. "துணி துவைக்கத்தான மெஷினு? டிரம்மத் தாங்குற பேரிங் போயிடுச்சு. கனம் இருந்ததால இப்பவே கேட்டுச்சு. இல்லன்னா ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாம டிரம் பிச்சிக்கிட்டு வந்திருக்கும்."

பெரியப்பா இன்னொரு முறை காதை வைத்துக் கேட்டாராம். பிறகு கேட்டார்: "காருக்கும் இப்படி ஆகுமா?"

"சுத்துற எல்லாத்துக்கும் ஆகும். கொஞ்சம் அந்த டார்ச்ச இப்படிப் புடிங்க."

பெரியப்பா டார்ச்சைப் பிடித்தார். வேலை முடிகிற வரை பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு வராந்தாவுக்கு வந்து அப்பாவின் கடைக்குப் போன் செய்தார். அப்பா அப்போது ஒரு வாடிக்கையாளருக்கு இளம் பச்சை கலந்துகொண்டிருந்தார். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் குச்சியால் கலக்கிக்கொண்டே பேசினாராம், அன்று இரவு எங்களிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

"சகலை, அந்த வண்டிச் சத்தம் இருக்கே..."

"அதான் நின்னு எத்தன நாளாச்சு. கல்லு."

"கல்லு இல்ல சகலை. நான் ஏறாததால நின்னுது."

அப்பா கலக்குவதை நிறுத்தினார்.

"நான் ஏறினாத்தான் வரும். அத நான் மொத நாளே பாத்துட்டேன். என் கனத்தாலதான் வண்டிக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். இன்னைக்கு இங்க ஒரு மெஷின் இதே மாதிரிக் கத்திச்சு. பேரிங்காம். பாரம் ஏத்தினாத்தான் தெரியுமாம். ஒரு தடவ நம்ம வண்டியக் காட்டிடுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, தோணிச்சு, சொன்னேன்."

"சகலை, நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க இத்தன வாரமா வராம இருந்தது டியூட்டியாலயா, இதாலயா?"

போனில் தூரத்தில் ஏதோ ஒரு தள்ளுவண்டி உருளும் சத்தம் மட்டும் கேட்டதாம்.

"இதாலதான்."

"அடப்பாவி மனுஷா" என்றார் அப்பா. வாடிக்கையாளர் திரும்பிப் பார்த்தார். "நான் ஒரு மடையன். சத்தம் நின்னுடுச்சு, நின்னுடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தேன். நீங்க நின்னுட்டீங்கன்னு எனக்குத் தோணவே இல்லையே." பிறகு அவருக்கு ஏதோ நினைவு வந்தது. "இருங்க. போன மாசம் கடையிலேர்ந்து நாலு பக்கெட் பெயிண்ட் பின்னால ஏத்திட்டுப் போனேன். அப்பவும் கேட்டுச்சு சகலை. மூடி ஆடுதுன்னு நெனச்சு, மூடிக்கெல்லாம் டேப் ஒட்டினேன்."

பெரியப்பாவும் சிரித்துவிட்டார். இந்த முறை அவர் முதலில் சிரிக்கவில்லை, அப்பாதான் முதலில் சிரித்தார்.

மறுநாளே இருவரும் மெக்கானிக்கிடம் போனார்கள். எனக்கும் அன்று வேலை எதுவும் இல்லை, கூடப் போனேன். எனக்கு வேறொரு ஊரில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் இதே காரில் பெட்டி படுக்கையோடு மலைப்பாதை வழியாகப் போய்ச் சேர்வதாக ஏற்பாடு. வண்டி நன்றாக இருக்கிறதா என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

அப்பா விஷயத்தைச் சொன்னதும் மெக்கானிக் பெரியப்பாவை மேலும் கீழும் பார்த்தார். பெரியப்பா பழக்கத்தில், "நான் உக்காந்தா வண்டி மட்டுமில்ல, பூமியே ஒரு பக்கம் சாயும்" என்றார். மெக்கானிக் சிரிக்கவில்லை. பின்கதவைத் திறந்து, "உக்காருங்க சார். எங்க உக்காருவீங்களோ அங்கயே" என்றார்.

ஒர்க்‌ஷாப்புக்கு எதிரே லாரிகள் திரும்புவதற்கான ஒரு பெரிய திடல். மெக்கானிக் ஓட்ட, பக்கத்தில் அப்பா, பின்னால் இடதுபக்கம் பெரியப்பா. நான் வெளியே நின்றேன். முதலில் இடதுபக்கமாக ஒரு வட்டம். எதுவும் இல்லை. பிறகு வலதுபக்கமாக. வண்டி பெரியப்பா இருந்த பக்கமாகச் சாய்ந்ததும், வெளியே நின்ற எனக்கே கேட்டது. முன்பு கேட்டதைவிடக் கரகரவென்று.

மெக்கானிக் வண்டியை நிறுத்தினார். பெரியப்பாவை வலதுபக்கச் சீட்டுக்கு மாறச் சொன்னார். மறுபடி அதே வட்டம். சத்தம் பாதியாகக் குறைந்தது. திரும்ப இடதுபக்கம் மாறச் சொன்னார், திரும்ப எழுந்தது. பெரியப்பா சொன்னதையெல்லாம் செய்தார். அந்தச் சின்னக் கதவின் வழியே ஒவ்வொரு முறையும் இறங்கி ஏற அவர் படும் பாடு எனக்குத் தெரியும். வேர்த்துக் கொட்டியது. முகத்தில் மட்டும் ஏதோ ஒரு கவனம். தேவைப்பட்டதால் ஒரு இடத்தில் உட்காரும்படி அவரை யாரும் அதுவரை கேட்டதில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

வண்டியை உள்ளே கொண்டுவந்ததும் மெக்கானிக் பின்சக்கரங்களின் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்த்தார். வலதுபக்கம் கையை வைத்து அப்படியே இருந்தார். இடதுபக்கம் வைத்தவுடன் எடுத்துவிட்டார். "கொதிக்குது" என்றார். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். டொக், டொக் என்று ஒரு சின்ன ஆட்டம். போன முறை அது இல்லை, அல்லது அவர் ஆட்டிப் பார்க்கவில்லை. எதுவென்று அவர் சொல்லவில்லை. கழற்றி எடுத்த பேரிங்கை ஒரு பழைய செய்தித்தாளில் வைத்துக் காட்டினார். கிரீஸ் கருகித் தார் மாதிரி ஆகியிருந்தது. உள்ளே இருந்த உருண்டைகள் சிலவற்றில் பளபளப்பே இல்லை, அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி குழிகுழியாக இருந்தன.

"போன தடவ காத்துலயே சுத்திப் பாத்துட்டு, கல்லுன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார் மெக்கானிக், அப்பாவிடம். "தப்பு என் மேலதான். எங்கயாவது தூரமாப் போறதா இருந்தீங்களா?"

"அடுத்த வாரம். மலைக்கு மேல. பொண்ண வேலையில சேக்க."

மெக்கானிக் தலையை மட்டும் ஆட்டினார். எங்கே என்ன ஆகியிருக்கும் என்று விவரிக்காமல் விட்டார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. அந்தப் பயணத்தில் இடது பின்சீட்டு எனக்கு. அதைப் பேசி முடிவு செய்திருந்தோம்.

பெரியப்பா மெல்லக் கேட்டார்: "என் கனத்தாலதான தேஞ்சிருக்கும்?"

"இல்ல சார். இது தண்ணி உள்ள போய்த் துருப்பிடிச்சுத் தேஞ்சது. சீல் கிழிஞ்சிருக்கு பாருங்க. பழைய ஓனர் காலத்துலயே கிழிஞ்சிருக்கணும்." மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "அஞ்சு பேருக்குன்னு செஞ்ச வண்டி சார் இது. நீங்க ரெண்டு பேர்னு வெச்சாலும் இன்னும் ஒரு ஆளுக்கு எடம் மிச்சம். நீங்க ஏறலன்னா எனக்கு இது கேட்டே இருக்காது."

பெரியப்பா "ம்" என்றார். பிறகு கிழிந்த அந்த ரப்பர் வளையத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பார்க்க அவ்வளவு ஒன்றும் இல்லை.

புதுப் பேரிங் மாட்டியதும் மறுபடி திடலில் வட்டம். இந்த முறை அப்பாதான் ஓட்டினார். நானும் ஏறிக்கொண்டேன்.

"கேக்குதா சகலை?"

"இல்ல."

"நல்லாக் கேளுங்க."

"இல்ல சகலை. ஒண்ணும் இல்ல."

"இன்னொரு சுத்து?"

"போகலாம்" என்றார் பெரியப்பா. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பா கண்ணாடியில் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் சுற்றிக்கொண்டே இருந்தார். லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து, திடலை விட்டால் வேறு இடம் கிடைக்கவில்லையா என்று கேட்கும் வரை.

வீட்டுக்கு வந்து விஷயம் தெரிந்ததும் பெரியம்மாவுக்குக் கோபமான கோபம். "ரெண்டு பஸ் மாறியா வந்துட்டு இருந்தீங்க? எங்கிட்டகூடச் சொல்லத் தோணல? நான் முன்னால உக்காந்துகிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி, காத்து நல்லா வருதுன்னு சொல்லிட்டு வந்தேனே." அன்று சாயங்காலம் முழுக்க அவரோடு பேசவில்லை. பெரியப்பாவோ அதற்கும் சேர்த்துச் சந்தோஷமாக இருந்தார். தன்மேல் ஒருத்தி இப்படிக் கோபப்படுகிறாள் என்பதில் அவருக்கு ஒரு நிறைவு.

மறுநாள் அவர் ஃபிட்டரைத் தேடிப்போய்த் தேநீர் வாங்கிக் கொடுத்து நன்றி சொன்னார். ஃபிட்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்குண்ணே? மெஷின்தான் ஓடுதே" என்றாராம். கார் கதையைச் சொன்னாலும் அவருக்குத் தான் என்ன செய்தோம் என்று விளங்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார். பெரியப்பா இரண்டாவதையும் வாங்கிக் கொடுத்தார்.

நான் வேலையில் சேரப் போன அன்று, இடமில்லை என்று சொல்லி நழுவப் பார்த்த பெரியப்பாவை அப்பா விடவில்லை. அம்மா முன்சீட்டில் இருக்க, பெட்டிகளை என் பக்கத்திலும் என் மடியிலும் ஏற்றி, அவரை இடது பின்சீட்டில் உட்கார வைத்தார். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு அப்பா காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார். எஞ்சின் சத்தமும் காற்றும் மட்டும்தான். பாதி வழியில் ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்திக் கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தோம். அடியில் ஆறு நூல் மாதிரித் தெரிந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, பெரியப்பாவைப் பார்த்து, "அத்தான், வாங்க, காத்து அடிக்குது, உள்ள உக்காருங்க" என்றாள்.

எனக்கு ஒதுக்கிய அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் ஒரு ஆணி. பெரியப்பா கட்டிலின் விரிப்பைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "ஈரம்" என்று சொல்லி, அதை உருவி ஜன்னல் கம்பியில் போட்டார். தன் பையிலிருந்து ஒரு புது விரிப்பை எடுத்து, மூலைகளை உறை மாதிரி மடித்து, மெத்தைக்கு அடியில் செருகி, உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். ஒரு சுருக்கம் இல்லை.

அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை, சொன்னால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். நான் கேட்டது, "பெரியப்பா, அடுத்த மாசமும் வருவீங்கல்ல?" என்றுதான்.

"உங்கப்பா வண்டி எடுத்தா வரேன்" என்றார்.

பெரியம்மா இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார். பிசியோதெரபி முடிந்து வெகுநாளாகிறது. ஆனாலும் சனிக்கிழமை காலையில் அப்பா எட்டு மணிக்கு முன்பே எழுந்து, வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார். எங்கே போகிறீர்கள் என்று அம்மா கேட்டால், "சும்மா, ஒரு ரவுண்டு" என்கிறார். மூன்று பேருமாகப் பாலத்தைத் தாண்டிப் போய், எங்காவது நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டு வருகிறார்கள். போன வாரம் போனில் அம்மா சொன்னாள், பெரியப்பா முன்சீட்டுக்கு மாறிவிட்டாராம். பெரியம்மாதான் மாற்றினாராம், இனிமேல் காற்று அவருக்கு வரட்டும் என்று.